திருத்தணிக்கு ஒரு பெட்டி, அரக்கோணத்துக்கு வேறு பெட்டி

இரட்டையாட்சி முறையில் சென்னை மாகாணத்துக்கு நடந்த முதல் சட்டசபைத் தேர்தல் 1920 நவம்பரில் நடந்தது. அதைப் பற்றி நம்மிடம் ஒரே ஒரு கதைதான் புழங்குகிறது. காந்தி ஒத்துழையாமை என்றார்; காங்கிரஸ் விலகி நின்றது; நீதிக் கட்சி 98 இடங்களில் 63ஐப் பிடித்தது; சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார்; உடம்பு ஒத்துழைக்காமல் அவர் விலக, 1921 ஜூலையில் பனகல் அரசர் வந்தார். கதையில் பொய் இல்லை. ஆனால் அது ஜார்ஜ் கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு சொன்ன கதை. அரக்கோணத்தில் நின்று பார்த்தால் அந்தத் தேர்தலில் வேறொன்று தெரிகிறது. அரக்கோணத்துக்கும் திருத்தணிக்கும் இடையே சுமார் 13 கிலோமீட்டர். நடுவில் இச்சிபுத்தூர் என்று ஒரு ஸ்டேஷன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற கூட்டத்தில் பாதி அரக்கோணத்தில் வண்டி மாறித்தான் மலைக்குப் போகும். பெண் கொடுப்பது, எடுப்பது, மாடு வாங்குவது, நெல் விற்பது எல்லாம் இந்த 13 கிலோமீட்டருக்குள் சகஜம். 1920இல் இந்த இரண்டு ஊரின் வாக்காளர்களும் தனித்தனிப் பட்டியலில் ஏறி, தனித்தனி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் ஜெயித்தார் என்பது காலத்தோடு மறைந்துவிட்டது. யாரோடு சேர்த்து எண்ணினார்கள் என்பது மட்டும் நாற்பது ஆண்டுகள் நின்றது; பின்னால் ஒரு மாநில எல்லையாகவும் ஆயிற்று. திருத்தணியைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கக் கேட்ட வடக்கெல்லைப் போராட்டத்தின் கணக்கை 1953இல் ஆரம்பிப்பது நம் வழக்கம். அதை 1920இல் ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் இங்கே வாதம்.

முதலில் கோடு எப்படி விழுந்தது என்று பார்ப்போம். 1911க்கு முன்னால் அரக்கோணமும் திருத்தணியும் ஒரே மாவட்டம், வட ஆர்க்காடு. அதற்குத் தலைநகரம் வேலூர் இல்லை, சித்தூர். அரக்கோணம் அப்போது வாலாஜாபேட்டைத் தாலுகாவில் அடங்கிய ஊர். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட ரயில் பாதைதான் அதற்கு முகவரி கொடுத்தது. திருத்தணியோ கார்வேட்டிநகரம் ஜமீனின் கிழக்குப் பாதி. குடியானவன் குத்தகையை ஜமீனுக்குக் கட்டுவான், ஜமீன் பேஷ்குஷைச் சர்க்காருக்குக் கட்டும். கோர்ட்டு வழக்கென்றால் இரண்டு ஊர்க்காரனும் சித்தூருக்குத்தான் மூட்டை கட்ட வேண்டும். 1911 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் என்று புதிய மாவட்டம் பிறந்தது. வட ஆர்க்காட்டின் வடக்குத் துண்டும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளிப் பக்கமும், ஜமீன் பகுதிகளும் சேர்ந்தன. மிச்சமிருந்த வட ஆர்க்காட்டுக்கு வேலூர் தலைநகரம். திருத்தணி சித்தூரோடு போயிற்று, அரக்கோணம் வேலூரோடு நின்றது. ஏப்ரல் முதல் தேதி என்றதும் சிரிக்க வேண்டாம், சர்க்காருக்குக் கணக்கு ஆண்டு பிறக்கும் நாள் அது. அந்தத் தேதியே சொல்கிறது, இது கணக்குக்காகப் போட்ட கோடு. அகலமான மாவட்டத்தை ஒரு கலெக்டர் கட்டியாள்வது சிரமம் என்று பிரித்தார்கள். யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் அப்போது இல்லை. ஒரு கெஜட் அறிவிப்போடு வேலை முடிந்தது. பிடிக்காமல் போயிருந்தால் இன்னொரு கெஜட் அறிவிப்பால் திருத்தியும் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்தது 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம். மாகாண சபையில் பெரும்பாலோர் இனி வாக்கால் வர வேண்டும். வாக்கு எல்லோருக்கும் இல்லை. நிலம், வரி, சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். நாலு கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருந்த மாகாணத்தில் வாக்காளர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம். நூற்றுக்கு மூன்று பேர். அதிலும் நாலில் ஒரு பங்குதான் சாவடிக்கு வந்தது. இந்தப் பட்டியலை எங்கிருந்து எடுப்பது? நிலம் யாருக்கு என்பது கர்ணத்தின் கணக்கில் இருக்கிறது, கர்ணத்தின் கணக்கு தாசில்தாரிடம், தாசில்தார் கலெக்டரிடம். ஆகவே பொதுத் தொகுதிகளைப் போட உட்கார்ந்தவர்கள், நகரங்களை ஒதுக்கிவிட்டு, கிராமப்புறத்தில் மாவட்டத்தையே தொகுதியாக எடுத்துக்கொண்டார்கள். வட ஆர்க்காடு ஒரு தொகுதி, சித்தூர் ஒரு தொகுதி, செங்கல்பட்டு ஒரு தொகுதி. பல மாவட்டங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். மாகாணம் முழுவதும் 28 இடங்கள் பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கீடு. வரி வாங்கக் கட்டிய மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே வாக்கு எண்ணும் மூட்டையாக்கிவிட்டார்கள். வேறு வழி இல்லாமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தனித் தொகுதி போட்டபோது மாவட்டக் கோட்டை அவர்களே தாண்டினார்கள்; பல மாவட்டங்களைக் கோத்து ஒரு தொகுதி ஆக்கினார்கள். ஜமீன்தார்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வியாபாரச் சங்கங்களுக்கும் ஊர் எல்லையைப் பொருட்படுத்தாத தொகுதிகள் இருந்தன. எண்ணிக்கை போதாத இடத்தில் கோட்டைத் தாண்டினார்கள், எண்ணிக்கை போதுமான இடத்தில் சோம்பலே விதியாயிற்று. மொழி என்ன, எந்த ஊர் எந்த ஊரோடு புழங்குகிறது என்று பார்த்து வரைந்த கோடு அதில் ஒன்றும் இல்லை.

இதன் விளைவு முதலில் கண்ணுக்குத் தெரியாது. சித்தூர் தொகுதியில் நிற்கிற ஒருவரின் இடத்தில் இருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். மதனப்பள்ளி, வாயல்பாடு, சந்திரகிரி, பலமநேர், சித்தூர் என்று தெலுங்கு பேசும் பரந்த நிலம். தென்கிழக்கு மூலையில் திருத்தணி. அந்த மூலையின் ஓட்டு ஒரு வேட்பாளரை ஜெயிக்க வைக்கவும் போதாது, தோற்கடிக்கவும் போதாது. அவர் திருத்தணிக்காரரிடம் தெலுங்கில் பேசினால் போதும். திருத்தணிக்காரருக்குத் தெலுங்கும் புரியும் என்பது வேறு விஷயம். வட ஆர்க்காட்டிலோ ஆரணி, போளூர், வந்தவாசி, குடியாத்தம், வேலூர் என்று தமிழ் நிலத்தின் நடுவே அரக்கோணம் கரைந்தது. அங்கே கரைவதில் நஷ்டம் இல்லை. ஆக, ஒரே பேச்சுவழக்கு உள்ள இரண்டு ஊர்களில் ஒன்றின் குரல் பெருங்குரலோடு சேர்ந்தது, இன்னொன்றின் குரல் கணக்கிலேயே வரவில்லை. இதில் யாருடைய சதியும் இல்லை. சித்தூர் மண் அந்தச் சபைக்கு அனுப்பிய ஆட்களில் சிலர் உண்மையிலேயே பெரியவர்கள். கேம்பிரிட்ஜில் படித்த கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி அந்த மாவட்டத்துக்காரர். நீதிக் கட்சியில் இருந்து பிரிந்து, 1923 நவம்பரில் பனகல் மந்திரிசபை மீது இந்தச் சபையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். 44க்கு 65 என்று அது தோற்றது. நியமன உறுப்பினர்கள் உள்ளே உட்கார்ந்திருந்த சபையில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டும் வாக்களித்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்பது கேட்க வேண்டிய கேள்வி. பேச்சிலும் படிப்பிலும் அவருக்கு ஈடு சொல்ல அந்தச் சபையில் சிலர்தான் இருந்தார்கள். 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அதன் முதல் துணைவேந்தரும் அவரே. சித்தூரின் அறிவுலகம் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவர்கள் தங்கள் மாவட்டத்தை ஆந்திர நிலமாகவே கண்டார்கள், அது நியாயமும்கூட. அந்தக் காட்சிக்குள் திருத்தணியும் இலவச இணைப்பாக இருந்தது என்பதுதான் நம் சங்கதி.

ஒரு தேர்தல் முறையில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. யாருக்கு வாக்கு என்பது ஒன்று, யாரோடு சேர்த்து எண்ணுவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்காக ஊர்வலம் போவார்கள், பத்திரிகை எழுதும், சபை விவாதிக்கும். இரண்டாவது கேள்வி ஒரு குமாஸ்தாவின் மேஜையில் முடிந்துவிடும். 1920இல் வாக்களித்தவர்களில் பெண் ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்தச் சபை கூடிய சில மாதங்களிலேயே, 1921 ஏப்ரலில், பெண் என்பதற்காக ஒருவரைப் பட்டியலில் இருந்து விலக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் சென்னைதான் இதில் முதல். 1923 தேர்தலில் சொத்துள்ள பெண்கள் வாக்களித்தார்கள். நல்ல காரியம், வேகமாக நடந்த காரியம். ஆனால் திருத்தணியில் பட்டியலில் ஏறிய அந்தப் பெண்ணின் வாக்கும் மதனப்பள்ளியோடுதான் எண்ணப்பட்டது. பட்டியல் நீண்டது, பெட்டி அப்படியே இருந்தது.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. அதே காலத்தில் அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டைப் பாருங்கள். 1920 கணக்குப்படி அங்கே மக்கள் சுமார் 6 லட்சம். நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தார்கள். அங்கே சொத்து இருந்தால்தான் ஓட்டு என்ற பழைய விதியை 1888இல் மாநிலத் தேர்தல்களுக்குத் தளர்த்தினார்கள். மில் தொழிலாளிகள், அயர்லாந்தில் இருந்தும் கனடாவில் இருந்தும் வந்தவர்கள் பட்டியலில் ஏறினார்கள். ஆனால் மாநில மேலவைக்கு ஊருக்கு ஒரு ஆள் என்ற பழைய கணக்கு அப்படியே இருந்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் ஜனங்கள் உள்ள பிராவிடன்ஸ் நகரத்துக்கு ஒரு உறுப்பினர். சில நூறு பேர் உள்ள கிராமத்துக்கும் ஒரு உறுப்பினர். கண் பார்வை இழந்த சார்லஸ் பிரேடன் என்ற கட்சித் தலைவர், எந்தப் பதவியும் இல்லாமல், சின்ன ஊர்களைக் கையில் வைத்துக்கொண்டே மாநிலத்தை ஆட்டிவைத்தார். லிங்கன் ஸ்டெஃபென்ஸ் என்ற பத்திரிகையாளர் 1905இல் அதை விலைக்கு வந்த மாநிலம் என்றே எழுதினார். ஊர்க் கணக்கு 1928இல்தான் மாறியது. யாருக்கு ஓட்டு என்ற சண்டையில் ஜெயித்து, யாரோடு எண்ணுவது என்ற சண்டையை நாற்பது ஆண்டு தள்ளிப்போட்ட மாநிலம் அது. திருத்தணிக்கும் அதே நாற்பது ஆண்டுதான். தற்செயல்தான், ஆனால் போட்ட கோட்டுக்கு ஆயுள் அதிகம் என்பதை இரண்டும் காட்டுகின்றன. ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். ரோட் ஐலண்டில் அந்தக் கோட்டால் லாபம் அடைந்தவர்கள் இருந்தார்கள், அதனால் காத்தார்கள். இங்கே யாரும் காக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்பதாலேயே நின்றது.

இந்த இடத்தில் எழக்கூடிய மறுப்பு வலுவானது. எல்லையைப் பிரித்தது மொழி. ஓட்டுப்பெட்டிக்கு அதில் என்ன வேலை? ஆந்திர மகாசபை 1913இலேயே பாபட்லாவில் கூடித் தனி மாகாணம் பேசியது. காங்கிரஸ் 1917இலேயே ஆந்திரத்துக்குத் தனி மாகாணக் கமிட்டிக்கு இடம் கொடுத்தது. 1920இல் தேர்தல் நடக்காமல் இருந்திருந்தாலும் ஆந்திரம் பிரிந்திருக்கும். உண்மை, பிரிந்திருக்கும், பிரியவும் வேண்டும். ஆனால் ஏன் பிரிந்தது என்பதற்கு மொழி பதில் சொல்லும். எங்கே பிரிந்தது என்பதற்குச் சொல்லாது. தெலுங்குப் பேச்சு இச்சிபுத்தூரில் நின்று தமிழ்ப் பேச்சு அங்கே தொடங்குவதில்லை. இந்தப் பக்கத்து ஊர்களில் இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் தெலுங்குப் பள்ளியிலும் தம்பி தமிழ்ப் பள்ளியிலும் படிப்பது இங்கே அதிசயம் இல்லை. கோடு எங்கே விழும் என்பது எதை அலகாக வைத்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. மாவட்டத்தை அலகாக வைத்தால் திருத்தணி தெலுங்கு, கிராமத்தை அலகாக வைத்தால் தமிழ். காங்கிரஸ்கூடத் தன் மொழிவாரிக் கமிட்டியைக் கட்டியபோது மாவட்டங்களைத்தான் அடுக்கியது. சித்தூர் முழுசாக ஆந்திரக் கமிட்டிக்குப் போயிற்று. கோட்டைக்குள் இருந்த சபையும், கோட்டைக்கு வெளியே நின்று அதைப் புறக்கணித்த காங்கிரஸும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினாலும், மாவட்டம்தான் அரசியலின் செங்கல் என்பதில் இருவருக்கும் பேதம் இல்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு. நூற்றுக்கு மூன்று பேர், அதிலும் கால்வாசி. இவ்வளவு மெலிந்த தேர்தல் ஒரு எல்லையை உண்டாக்கும் என்பது பூனை யானையை ஈன்ற கதையாக இல்லையா? அந்த மூன்று பேர் யார் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். பட்டாதாரர்கள், வக்கீல்கள், தாலுகா போர்டு, ஜில்லா போர்டுப் புள்ளிகள். ரோடு எங்கே போடுவது, பள்ளிக்கூடம் எந்த மொழியில், ஆஸ்பத்திரி எந்த ஊரில் என்பதைப் பேசியவர்கள் அவர்கள்தான். இரட்டையாட்சியில் மந்திரிகள் கைக்கு வந்த துறைகளும் உள்ளாட்சி, கல்வி, சுகாதாரம் போன்றவையே. மாவட்டத் தலைநகரத்தைச் சுற்றி ஆதரவு, சிபாரிசு, கான்ட்ராக்டு என்று ஒரு வலை பின்னப்பட்டது. திருத்தணி அந்தச் சித்தூர் வலையில் ஒரு முடிச்சு. பிறகு வாக்காளர் கூடக்கூட வலை பெரிதாயிற்றே தவிர அவிழவில்லை. 1937இல் சபை 215 இடங்களாக விரிந்தது, தொகுதிகள் சுருங்கின. ஆனால் மாவட்டத்தை உள்ளே வெட்டித்தான் தொகுதி செய்தார்கள், குறுக்கே வெட்டி அல்ல. 1952இல் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு, 375 இடங்கள். அப்போதும் திருத்தணிக்காரர் சித்தூர் மாவட்டத்துக்காரராகத்தான் வரிசையில் நின்றார்.

அந்த வரிசை கலைந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர் விட்டார். தகராறு இல்லாத தெலுங்குப் பகுதிகளைக் கொண்டு ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1ஆம் தேதி 11 மாவட்டங்களும் பல்லாரியின் மூன்று தாலுகாக்களும் கர்னூலைத் தலைநகராகக் கொண்டு பிரிந்தன. சென்னைச் சட்டசபையில் இருந்து 140 உறுப்பினர்கள் புதிய சபைக்குப் போனார்கள். தகராறு இல்லாத என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தகராறு இருக்கிறது என்று ஒரு அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்துக்காரர் ஒருவர் சபையில் எழுந்து நின்று சொன்னால் தெரியும். பல்லாரியில் கன்னடத்தாரும் தெலுங்கரும் சரிக்குச் சரி நின்று சொன்னார்கள். அதனால் அங்கே மாவட்டம் என்ற அலகையே ஒதுக்கிவிட்டுத் தாலுகா தாலுகாவாகப் பிரித்தார்கள். அதோனி, ஆலூர், ராயதுர்கம் ஆந்திரத்துக்கு, மற்றவை மைசூருக்கு. என் வாதத்துக்கு இது எதிர்ச்சாட்சி என்று சிலர் நினைக்கலாம். மாவட்டம் அப்படியொன்றும் உடையாத செங்கல் இல்லையே என்று. என் கணக்கில் இதுதான் முதல் சாட்சி. மாவட்டத்தை உடைக்க முடியும் என்று 1953இலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உடைக்கச் சொல்லும் பலம் பல்லாரியின் இரு தரப்புக்கும் இருந்தது. முப்பது ஆண்டுகளாகச் சித்தூரின் கூட்டுத்தொகையில் கரைந்துபோன திருத்தணிக்கு இல்லை.

சபைக்குள் கிடைக்காத குரல் தெருவுக்கு வந்தது. அரக்கோணம் பக்கத்துக் குருவராயப்பேட்டையில் இருந்துகொண்டு ஊர் ஊராகத் தமிழ் சொல்லிக்கொடுத்த மங்கலங்கிழார், திருத்தணி கே. விநாயகம், தமிழரசுக் கழகத்தோடு வந்த ம.பொ.சி. என்று இந்த வரலாற்றின் பெயர்களை இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறியல், கடையடைப்பு, சிறை எல்லாம் நடந்தது. கவனிக்க வேண்டியது அவர்கள் கேட்டது என்ன என்பது. திருப்பதி உட்பட என்ற பெரிய கோரிக்கை ஒரு பக்கம். அதற்கு அடியில், எங்களை மாவட்டமாக எண்ணாதீர்கள், ஊர் ஊராக எண்ணுங்கள் என்ற சின்னக் கோரிக்கை இன்னொரு பக்கம். ஜெயித்தது சின்னக் கோரிக்கை. சமரசம் செய்ய வந்த ஹெச். வி. படாஸ்கர் கிராமத்தை அலகாக எடுத்தார். பெரும்பான்மை மொழி, தொடர்ச்சியான நிலம் இரண்டையும் பார்த்துக் கோட்டைத் திருப்பிப் போட்டார். 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணித் தாலுகாவின் பெரும்பகுதியும் புத்தூர், சித்தூர்த் தாலுகாக்களின் சில ஊர்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மறுபடியும் ஏப்ரல் 1. நாற்பத்தொன்பது ஆண்டு முன்பு கணக்குப் புத்தகத்தில் போன ஊர் அதே தேதியில் திரும்பி வந்தது. கொடுக்கல் வாங்கலில் தமிழ்ப் பக்கத்துக்கும் இதே பாடம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. செங்கல்பட்டு மாவட்டம் என்ற மூட்டைக்குள் கிடந்த சத்தியவேடு போன்ற தெலுங்கு ஊர்கள் அதுவரை நம் கணக்கில் தமிழாக எண்ணப்பட்டிருந்தன. அவை ஆந்திரத்துக்குப் போயின. சித்தூர் திருத்தணிக்குச் செய்ததைச் செங்கல்பட்டு சத்தியவேட்டுக்குச் செய்தது. நம் மேடைகளில் இந்த இரண்டாவது பாதி அதிகம் பேசப்படுவதில்லை.

கடைசியாக ஒன்று கேட்கலாம். கோடு விழுந்தது 1911இல். அப்படியானால் குற்றம் அந்த ஆண்டின் கெஜட் மீதுதானே, 1920 தேர்தல் மீது ஏன்? கோட்டைப் போட என்ன தேவைப்பட்டது, அழிக்க என்ன தேவைப்பட்டது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1911இல் ஒரு அறிவிப்பு போதும். 1960க்கு ஏழு ஆண்டுக் கிளர்ச்சி, இரண்டு மாநில அரசுகளின் சம்மதம், ஒரு சமரசக்காரர், நாடாளுமன்றத்தின் ஒரு சட்டம் எல்லாம் தேவைப்பட்டன. இடையில் என்ன மாறியது? நிலம் மாறவில்லை, பேச்சு மாறவில்லை. 1920இல் அந்தக் கோட்டின் மேல் தொகுதி ஏறி உட்கார்ந்தது. அதன்பின் கோட்டை அசைத்தால் ஒரு இடம் அசையும், ஒரு இடம் அசைந்தால் ஒரு உறுப்பினரும் ஒரு கட்சிக் கணக்கும் அசையும். 1960இல் அது எழுத்துப்படியே நடந்தது. எல்லை மாறியபோது ஆந்திரச் சட்டசபையில் இருந்து ஒரு உறுப்பினரையும் சென்னைச் சபைக்கு மாற்ற வேண்டியிருந்தது. 205 ஆக இருந்த சபை 206 ஆயிற்று. ஆந்திர வாக்காளராக 1955இல் வரிசையில் நின்று தேர்ந்தெடுத்த ஆளைக் கையோடு அழைத்துக்கொண்டுதான் அந்தப் பகுதி ஊர் திரும்பியது. வெறும் கலெக்டர் கோடாக இருந்திருந்தால் தாசில்தார் தன் கணக்குக் கட்டை வேலூருக்கு அனுப்பியதோடு விஷயம் முடிந்திருக்கும்.

தொகுதிகளை வரையும் இன்றைய சட்டமும், நிலம் கச்சிதமாகச் சேர்ந்திருக்க வேண்டும், போக்குவரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நடப்பு நிர்வாக எல்லைகளையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. மூன்றும் முரண்பட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்லவில்லை. அனுபவத்தில் கலெக்டர் ஆபீஸ் வரைபடமே கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. ஆனாலும் 2008 மறுவரையறையில் இந்தப் பக்கம் ஒரு விசித்திரம் நடந்தது. திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டம். அரக்கோணம் 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். மாவட்டக் கணக்கில் இரண்டும் இன்னும் வெவ்வேறு மூட்டையில்தான் கிடக்கின்றன. நாடாளுமன்றத் தேர்தலுக்கு மட்டும் மாவட்டக் கோட்டைத் தாண்டித் திருத்தணிச் சட்டமன்றத் தொகுதியை அரக்கோணத்தோடு சேர்த்துவிட்டார்கள். சோளிங்கர், ஆற்காடு, ராணிப்பேட்டை, காட்பாடியும் அதில் உண்டு. பொன்பாடியில் ஆந்திர எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வாக்காளரும், அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் இருக்கும் வாக்காளரும் 2009 முதல் டெல்லிக்கு ஒரே ஆளைத்தான் அனுப்புகிறார்கள்.